நாலு ஓம், எட்டு ஓம்

கல்முனையில்
மின்விசிறியும் சோறு சமைக்கும் குக்கரும் விற்கும் கடை.
பின்னறையில் மூன்று ஸ்பீக்கர் பெட்டிகள்
சுவரைப் பார்த்து நின்றன,
வகுப்பில் தண்டனை பெற்றவர்களைப் போல.

"ஆருக்கு?" என்றார் அஸ்மீர் நானா.
"எனக்குத்தான்."
முகத்தைப் பார்க்கவில்லை, விரல் நுனியைப் பார்த்தார்.
காய்ப்பைக் கண்டதும்
மெல்லிய வயரை வைத்துவிட்டுத் தடித்ததை எடுத்தார்.
"நாலு ஓமா, எட்டு ஓமா?"
"ஓம்" என்றேன்.
எதற்கு என்று இருவருக்கும் விளங்கவில்லை.

எங்கள் பக்கத்தில் இணங்குவதற்கும் அந்தச் சொல்தான்.
பெட்டிக்குள் இருக்கும் செப்புச் சுருள்
எவ்வளவு மறுக்கும் என்று அளப்பதற்கும் அதேதான்.

முதற்பெட்டி: பத்து அங்குலத்தில் நாலு.
பாரம் ஒரு மூடை அரிசி.
விரல் சறுக்கினால் அதையும் ஊருக்குச் சொல்கிறது.
தூக்க ஆள் வேண்டும்.
செல்டன் றேகலுக்கு டிரம்ஸ் இருக்கிறது, நாரி நோவும் இருக்கிறது.
துஷ்யந்தினிக்கு ஒரு கையில் கீபோர்ட், மறு கையில் பிள்ளை.
தாண்டவன்வெளி மண்டபத்திலோ
இரண்டு மாடிப் படி.

அடுத்தது பதினைந்து அங்குலம், ஒன்றே ஒன்று.
ஆக அடியில் இருக்கும் ஈ கம்பியைத் தட்டினேன்.
கொஞ்சம் யோசித்துவிட்டு வந்தது சத்தம்.
தட்டில் இருந்த மிக்ஸிக் கிண்ணங்கள்
தங்களுக்குள் கதைக்கத் தொடங்கின.
நல்ல ஆழம்.
ஆனால் எந்தச் சுரம் என்று கேட்டால் மழுப்புகிறது.

அஸர் பாங்கு.
உள்ளங்கையால் கம்பிகளை அமத்திக்கொண்டேன்.
நானா ஒலியைக் குறைத்தார்.
அம்ப் மட்டும் மிகச் சன்னமாக இரைந்துகொண்டிருந்தது.
"பாத்துக்கொண்டு இரிங்க, தொழுதிட்டு வாறன்."
கல்லாப்பெட்டியைப் பூட்டவும் இல்லை.

கைப்பையிலிருந்து அளவு நாடாவை எடுத்தேன்.
வெளியே புவிராஜின் ஆட்டோ.
பதினைந்து அங்குலப் பெட்டி ஏறும்;
நான் ஏற மாட்டேன்.

ஈ கம்பியின் ஓர் அலை இருபத்தேழு அடி நீளம்.
இந்த அறை பன்னிரண்டு.
இதுவரை நான் கேட்டது
மடித்து வைத்த சேலையின் ஒரு மடிப்பு.

புவியைக் கூப்பிட்டேன்.
"இந்தத் தடிச்ச கம்பிய மட்டும் இழு. விடு. திருப்பி இழு."
மூன்றாவது பெட்டியில் வயரைச் செருகினேன்.
பன்னிரண்டு அங்குலம், எட்டு ஓம்,
ஒரு கையால் தூக்கலாம்.
ரோட்டைக் கடந்து
சர்பத் கடை வாசலில் போய் நின்றேன்.

அக்கரைப்பற்று பஸ் போனது.
ஐஸ் லொறி போனது.
பிறகு, கீழே, செருப்புக்கும் கீழே,
அது வந்தது.
சர்பத் அடித்துக்கொண்டிருந்தவர்
கையை நிறுத்தி வானத்தைப் பார்த்தார்.
வைகாசி வெயில். ஒரு முகிலும் இல்லை.

தொழுதுவிட்டு வந்த நானா தலையை ஆட்டினார்.
"இதுக்கு உங்கட அம்ப் பாதிப் பலம்தான் குடுக்கும்."
"ஓம்."
இம்முறை விளங்கிக்கொண்டார்.
"மறுகா இன்னொண்டு வாங்கிப் பக்கத்தில பூட்டினா
எட்டும் எட்டும் நாலு."
பள்ளிக்கூடத்தில் இதற்கு அடி விழும்.
செப்புக் கம்பிக்கு இதுதான் கணக்கு:
மறுப்பவர் இருவர் அருகருகே நின்றால்
மறுப்பு பாதியாகிவிடும்.

சீட்டுக்காசை எண்ணி வைத்தேன்.
வாஷிங் மெஷினுக்கென்று கட்டிய சீட்டு.
இன்னும் கொஞ்ச நாள் கையால் தோய்க்கலாம்,
விரல் காய்ப்பு கரைந்துவிடாமல் பார்த்துக்கொண்டு.

சால்வையால் கட்டிய பெட்டி பக்கத்தில் இருந்தது.
கல்லாற்றுப் பாலத்தில் காற்று
ஆட்டோவுக்குள் புகுந்து
அதன் வலைமுகத்தை ஊதிப் பார்த்தது.
களுவாஞ்சிக்குடி வரைக்கும் புவி ஒன்றும் பேசவில்லை.
பிறகு கண்ணாடியில் பார்த்து,
"அக்கா, அந்தக் கம்பிய
நான் சரியாத்தான் இழுத்தனானா?"

"ஓம்" என்றேன்.

எத்தனை என்று அவன் கேட்கவில்லை.