கருங்கல், இரவு இரண்டு பத்து

குளிர்பெட்டி வாடகைக்கு விடுகிறேன்.
மார்த்தாண்டத்தில் மேம்பாலத்துக்குக் கீழே ஷட்டர் கடை.
மூன்று பெட்டி, ஒரு ஜெனரேட்டர்,
பதினாறு தவணை பாக்கி நிற்கும் டெம்போ.

கொழுந்தன் மகன் அஜின் வந்து சொன்னான்:
"கம்பத்தில ஒட்டின நம்பரை இனி யாரும் பார்க்கமாட்டாங்க, சித்தி.
அழுதுகிட்டே போனில தேடுவாங்க.
மேல வாறவனுக்க பெட்டிதான் போகும்."
சரியாக்கும் என்று தோன்றியது.

ஒரு தொடலுக்கு முப்பத்தொரு ரூபாய்.
தொட்டவர் கூப்பிட்டாலும் காசு,
கூப்பிடாவிட்டாலும் காசு.
ஆம்புலன்ஸ் டிரைவர் ஏசுவடியானுக்கு ஐந்நூறு கொடுப்பேன்.
ஆனால் பெட்டி இறங்கின பிறகே கை நீட்டுவார்,
நீட்டும்போது
முகத்தைக் கொஞ்சம் கவிழ்த்துக்கொள்வார்.
கூகுளுக்குக் கவிழ்க்க முகமில்லை.

முதல் மாதம்
நூற்றுப் பதினேழு கிளிக்.
ஒன்பது அழைப்பு.
குளச்சலில் இருந்து ஒருவர்:
"நெய்மீன் எத்தனை கிலோ பிடிக்கும்?"
தக்கலை பேக்கரிக்காரர்:
"ஐஸ்கிரீம் வைக்கணும், கண்ணாடி மூடி உண்டா?"
உண்டு, கண்ணாடி மூடிதான்
என்று சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டேன்.
போனது இரண்டே பெட்டி.
டீசல் கழித்து, விளம்பரம் கழித்து
மிச்சம் அறுநூற்றுச் சொச்சம்.
அதிலும் அஜினுக்கு இரண்டு சிக்கன் பப்ஸ்.

வேண்டாத சொற்களை அடைக்கலாம் என்றான்.
மீனை அடைத்தோம். ஐஸ்கிரீமை அடைத்தோம்.
'பழையது விலைக்கு' என்பதை அடைத்தோம்.
அதன் பிறகு நாலு பெட்டி போனது ஒரே வாரத்தில்.
பொய் சொல்லக்கூடாது,
அந்த வாரம் டெம்போ தவணை
முதல் தேதியிலேயே கட்டினேன்.

அடைத்தும் ஒழுகியது ஓரிடம்.
கருங்கல். இரவு இரண்டு பத்துக்கு ஒரு கிளிக்.
மறுநாளும் அதே ஊர், ஏறக்குறைய அதே நேரம்.
அழைப்பு மட்டும் இல்லை.
பென்சிகர்தான் என்று முடிவுகட்டினேன்.
கருங்கலில் அவருக்கும் பெட்டி உண்டு,
தூக்கம் வராமல் படுத்துக்கொண்டு
என் காசைக் கரைக்கிறார்.
திங்கள்சந்தையில் எதிரே வந்து சிரித்தார்.
நான் மரச்சீனிக்கிழங்கு விலை கேட்பதுபோல் திரும்பிக்கொண்டேன்.

பிறகுதான் அஜின் அந்தப் பக்கத்தைத் திறந்தான்,
என்ன தேடினார்கள் என்று
எழுத்துப் பிசகாமல் காட்டுகிற பக்கம்.
வரிசையின் கடைசியில்:

*டாக்டர் வீட்டுக்கு கொண்டு போக சொன்னா என்ன அர்த்தம்*

பதினோரு கிளிக்.

கேட்டவருக்கு இயந்திரம் கொடுத்த பதில்
என் பெட்டி.
இருபத்துநாலு மணி நேரமும். ஜெனரேட்டர் வசதி உண்டு.

ஒரே ஆளா, பதினோரு வீடா, தெரியாது.
விரல் தவறிப் பட்டதா,
எண்ணைப் பார்த்துவிட்டு மூடினாரா, தெரியாது.
அப்பாவா, அம்மாவா,
அடுத்த கட்டிலில் மூச்சு எப்படிப் போய்வந்ததென்று
இந்தக் கணக்கில் கட்டம் இல்லை.
இருப்பது முந்நூற்று நாற்பத்தொரு ரூபாய்.

"இதையும் அடைச்சிரலாம் சித்தி, வீண் செலவு" என்றான்.
அடை என்றேன்.
லாபமும் வெட்கமும்
ஒரே பொத்தானில் விரல் வைத்தது
அன்றைக்கு மட்டும்தான்.

அதற்குப் பின் கருங்கலில் இருந்து ஒன்றும் இல்லை.
தேடவில்லையோ,
தேடியது எனக்குக் காட்டப்படவில்லையோ.

போன வாரம் பென்சிகர் கடைக்கே வந்தார்.
"கூகுளில போட்டிருக்கியளாமே, பிரயோஜனம் உண்டா?"
நாற்காலியைத் துடைத்துப் போட்டேன்.
"உண்டு. முதல்ல மீனை அடைங்க" என்றேன்.
மற்றதைச் சொல்லவில்லை.
அவரே ஒரு நாள் அந்தப் பக்கத்தைத் திறப்பார்.

விளம்பரம் இப்போதும் ஓடுகிறது, நாளுக்கு நூற்றைம்பது.
இரவு ஒன்று முதல் நாலு வரை மட்டும்
நிறுத்திவைத்திருக்கிறேன்.
அந்த நேரத்தில்தான் அழைப்பு அதிகம் வரும்
என்கிறான் அஜின்.

தெரியும்.