உறங்குகிறவன் ஒப்பு

எபிரேயத்தில் உடன்படிக்கையைச் செய்வதில்லையாம்,
வெட்டுவார்களாம்.
போதகர் ஜெஸ்டஸ் சொன்னதும்
பின்வரிசையில் நான் சிரித்துவிட்டேன்.
பொன்மனையில் நாங்கள் வேறென்ன செய்கிறோம்?
மழை விட்டால் வெட்டு.
பெய்தால் வெட்டில்லை.

அவர் சிரிக்கவில்லை.
கிடாரியையும் வெள்ளாட்டையும் கடாவையும்
நடுவே பிளந்து எதிரெதிரே வைத்த கதைக்குப் போனார்.
வாக்குக் கொடுக்கிறவர்கள்
அந்தத் துண்டுகளுக்கு நடுவே நடக்கவேண்டும்.
தவறினால் எனக்கும் இந்தக் கதி என்று அர்த்தம்.
முத்திரைத்தாள் இல்லாத காலம்.

ஆனால் ஆபிராம் நடக்கவில்லை.
பொழுது சாய, அசந்து உறங்கிப்போனான்.
புகைந்துகொண்டு ஓர் அடுப்பும்
எரிந்துகொண்டு ஒரு பந்தமும்
இருட்டில் அந்த வழியே போயின.
போனது ஒரு தரப்பு மட்டும்.

எனக்கு அது சரியாகப்படவில்லை.
பதிவு ஆபீசில் அரைநாள் நின்று
நானும் ரசலும் ஒப்பு போட்ட பாட்டச்சீட்டு
அலமாரியில் துணிக்கடியில் இருக்கிறது.
முந்நூற்றிருபது மரம், ஏழு வருடம்,
வடக்கே தோடு, கிழக்கே டேவிட்சன் வக வாழை.
ஒருவர் மட்டும் ஒப்பு போட்டால்
ஆதாரம் எழுதுகிறவன் தூக்கி எறிவானே?
கூட்டம் முடிந்து கேட்டேன்.
"அதுதான் அக்கா எனக்கும்..." என்றவர்
பாதியில் நிறுத்தி
பைக்கை உதைத்தார்.

விடியக் கருக்கல், மூன்றரை மணி.
ரசல் உறங்குகிறான்.
போன ஆவணியில் வலப்பக்கம் விழுந்தது முதல்
உறக்கம்தான் அவனுக்கு அதிகம்.
ஒப்பு போட்ட கை
தலையணைக்குப் பக்கத்தில்
வேறு யாருடையதோ போலக் கிடக்கிறது.

நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு இறங்கினேன்.
இரண்டு பக்கமும் வெட்டுவாய் திறந்த மரங்கள்.
ராத்திரி மூட்டிவிட்ட புகைப்புரையின் புகை
பனியோடு தாழ்ந்து
வரிசைக்கு நடுவே கூடவே வந்தது.
நூறாவது மரமோ நூற்றுப்பத்தோ,
பட்டைக்குள் கத்தி நின்றுவிட்டது.

மேலேயிருந்து யாராவது பார்த்தால்
என்ன தெரியும்?
கொஞ்சம் புகை.
ஒரு வெளிச்சம்.
வெட்டுண்டவற்றின் நடுவே அது மட்டும் போகிறது.

சிரட்டையில் பால் சொட்டும் சத்தம்
கேட்டுக்கொண்டே நின்றேன்.
பிறகு வெட்டினேன்.
இன்னும் இருநூறு மரம் இருந்தது.

இதை அறிவது எப்படி என்று
ஆபிராமும் கேட்டிருக்கிறான், முதலிலேயே.
ஆசாரிப்பள்ளம் ஆஸ்பத்திரியில்
நான் கேட்டதும் அதைத்தான்.
டாக்டர் ஸ்கேனை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு
பார்ப்போம் என்றார்.
அவனுக்காவது நானூறு வருடம் என்று
ஒரு கணக்குக் கிடைத்தது.
எங்கள் சீட்டில் மீதி
நாலு வருடம் இரண்டு மாதம்.

பத்துமணிக்குப் பாலை உறையவிட்டுத் திரும்புகிறேன்.
முற்றத்தில் கொடியில் ஷீட்டுகள்,
கீழே தார்ப்பாயில் ஒட்டுப்பால்.
பிளாஸ்டிக் நாற்காலியில் ரசல்,
இடது கையில் கமுகம்பாளை.
டேவிட்சன் வீட்டுக் கோழிகள் படையாக வருகின்றன.

ச்சூ, என்கிறான்.
அவன் வாயில் கோணாமல் வருகிற
ஒரே சொல்.

கதையில் இதுவும் உண்டு, நான்தான் மறந்துவிட்டேன்:
உறங்குவதற்கு முன்னால் அவன்
துண்டுகள்மேல் வந்திறங்கிய பறவைகளை
விரட்டிக்கொண்டிருந்தான்.