எட்டாவது கல்

வரைபடத்தில் மூன்று நிறம்.
சிவப்பென்றால் தொடக்கூடாது.
மஞ்சளென்றால் கேட்டுவிட்டுத் தொடலாம்.
சாம்பலென்றால் யாரும் யாரையும் கேட்கப்போவதில்லை.

மாதா கோயிலுக்குச் சிவப்பு, பாலத்துக்குச் சிவப்பு.
வால்தோர்மே ஊரின் பொதுச் சலவைக்கூடம்
மூன்று நாள் என் சாம்பலில் கிடந்தது.
நான்காம் நாள் மழைக்கு ஒதுங்கி உள்ளே போனேன்:
பன்னிரண்டு கருங்கல் சரிவுகள்,
பன்னிரண்டிலும் துணி தேய்த்தே விழுந்த குழி.
அளவுகோலை வைத்தேன்.
நான்கு சென்டிமீட்டர், சில இடத்தில் ஐந்து.
அன்றிரவே அழித்துச் சிவப்பாக்கினேன்,
நல்லது செய்த களிப்போடு.

தீயணைப்பு நிலையத்து மாடியில் கூட்டம்.
விதி ஒன்பதை நானே வாசித்தேன்:
சோப்பு கூடாது, தூரிகை கூடாது,
முழங்கால் உயரத்துக்குச் சங்கிலி, வாசலில் ஒரு பலகை.
பின்வரிசையில் தியோலிந்தா எழுந்தாள்,
மீன்கடைக்காரி, ரப்பர் பூட்ஸ் இன்னும் காலில்.
"அப்போ சனிக்கிழமை என் கம்பளியை
உங்க பலகையிலயா தேய்க்கிறது?"

சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்து விளக்கினேன்:
அந்தக் குழிகள்தாம் வரலாறு, அம்மா.
தேய்த்தால் தேய்ந்துபோகும்.
"தேய்க்காமலா குழி வந்துச்சு?"

பதில் என் கோப்பில் இல்லை.
முந்நூறு பக்கக் கோப்பு அது.

உட்காரப்போனவள் நின்று இன்னொன்றும் சொன்னாள்.
எட்டாவது கல் பழசே இல்லையாம்.
வெள்ளத்தில் பழையது பிளந்த வருஷம்
அவள் சித்தப்பா அதேரித்து
கல்லறைத் தோட்டத்தில் யாரும் கேட்காமல் கிடந்த பலகையைக்
கழுதை வண்டியில் ஏற்றிவந்து பதித்தாராம்.
அடியில் கைவிட்டால் பாதிப் பெயர் தட்டுப்படுமாம்.

அந்த எட்டாவதைத்தான்
அறிக்கையின் அட்டையில் போட்டிருந்தேன்,
'மிகத் தொன்மையானது' என்று.

இரவு பதினொன்றுக்கு முடிவானது:
ஆறு கல்லுக்குச் சங்கிலி, ஆறு கல்லுக்குச் சோப்பு.
எந்த ஆறு என்று இன்னும் முடிவாகவில்லை.
பேக்கரிக்காரரும் பாதிரியாரும்
அதனால் பேசிக்கொள்வதில்லை.

சனிக்கிழமை போனேன்.
சட்டைக் கையை மடித்து
எட்டாவதன் அடியில், குளிர்ந்த நீருக்குள், தடவினேன்.
இரண்டு எழுத்து. ஒரு சிலுவையின் கால்.
அதற்கு மேல் பாசி.

"தேடினது கிடைச்சுதா?
சும்மா நிக்காதே, பிடி."
நனைந்த கம்பளியின் ஒரு முனையை நீட்டினாள்.
எந்தப் பக்கம் முறுக்க, என்றேன்.
"நான் முறுக்காத பக்கம்."

தண்ணீர் முழுக்க என் சப்பாத்தில்.