நான் பார்க்காத பத்து நிமிஷம்

டவுனில் மேட்னி ஷோ. மூன்று டிக்கெட்.
ஜெப்ரினுக்கு நாலு வயசுதான் என்று கவுண்டரில் வாதாடினேன்,
எடுபடவில்லை.
கடைசியில் அவன் என் மடியில் உட்கார்ந்தான்,
அவன் ஸீட்டில் பாப்கார்ன் உட்கார்ந்திருந்தது.

பொம்மைப் படம். ஒரு அணில்பிள்ளை.
அதன் நெஞ்சுக்குள் ஒரு மாடிவீடு,
வாடகைக்கு ஆறு பேர்.
சிரிப்பு அடுப்படியில் எதையோ தாளிக்கிறது.
பயம் மாடிப்படிக்கு அடியில், செருப்போடு செருப்பாக.
ரோஷம் எந்நேரமும் குளிக்கிறது, கதவிடுக்கில் ஆவி.
ஒருவர் கடைசிவரை தூங்கினார், யாரென்றே தெரியவில்லை.
'மன அழுத்தம்' என்று ஒன்று
மெட்ராஸ் குரலில் பேசியது.
"அப்டின்னா என்னப்பா?" என்றாள் அக்சா.
வெப்ராளம்னு வச்சுக்கோ.
"கிளாடிஸ் அத்தைக்கு வருமே, அதா?"
அதேதான்.
முன்வரிசையில் ஒரு பெண் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள்,
அந்தக் குடித்தனக்காரரை அவளுக்கும் தெரியும்போல.

மிச்சமிருந்தது துக்கம்.
பஞ்சுமூட்டை உடம்பு, நனைந்தால் கனக்கும்.
ஈரம் வீட்டுக்கு ஆகாது என்று
மற்றவர்கள் எல்லாரும் கூடிப் பேசி
அதை மொட்டைமாடிக்கு அனுப்பிக் கதவைச் சாத்தினார்கள்.
அணில்பிள்ளை அதன்பிறகு நன்றாகத்தான் சிரித்தது,
கொஞ்சம் கூடுதலாகவே.
மாடியில் மழை.
வசனம் இல்லாமல் மழையை மட்டும் காட்டினார்கள்.
அப்போதுதான் ஜெப்ரின் சொன்னான்:
"அப்பா, ஒண்ணுக்கு."

வரிசை நீளம். பேன்ட் பட்டன் வேறு இறுகிக்கொண்டது.
குழாயை மூடமாட்டேன் என்று நின்றான்.
சுவருக்கு அந்தப் பக்கம் வயலினோ என்னவோ ஏறி இறங்க,
அத்தனை பிள்ளைகளும் அமைதியானது கேட்டது,
பிறகு கைதட்டல்.
நாங்கள் நுழைந்தபோது
துக்கம் நடுக்கூடத்தில், சொட்டச் சொட்ட,
சுற்றி உட்கார்ந்து எல்லாரும் முறுக்கு தின்றார்கள்.

ஈரடுக்குப் பாலம் இறங்கும்போது கேட்டேன்,
ஏட்டி, கதவை யாரு திறந்தா?
"பயம்."
"நாந்தான்" என்றான் டேங்க்மேல் இருந்தவன்.
பயமா? அது எப்படி அத்தனை படி ஏறிச்சு?
"அதுக்குத் தனியா இருக்கப் பயம்லா.
துணைக்குக் கூப்பிடப் போச்சு."

ஆற்றுப் பாலத்தில் காற்று.
கீழே அமலைச்செடி, அதற்கு நடுவே
இடுப்பளவுத் தண்ணீரில் ஒருவர் எருமையைத் தேய்க்கிறார்.
என் முதுகில் கன்னத்தை வைத்துக்கொண்டு கேட்டாள்:
"எனக்குள்ள ஆறு பேரு.
தம்பிக்குள்ள ஆறு பேரு.
அம்மாவுக்குள்ள இப்ப யாருப்பா இருக்கா?"

'இப்ப' என்பதை அவள் அழுத்திச் சொல்லவில்லை.
ஜூலை வரை இருந்ததை நாங்களே சொன்னோம்,
வயிற்றில் காதை வைத்துக் கேட்கச் சொல்லி.
இல்லாமல் போனதைச் சொல்லவில்லை.
பிள்ளைகள் முன்னால் அழவேண்டாம் என்று
வீட்டில் எல்லாரும் கூடிப் பேசியிருந்தார்கள்.
நானும்தான் இருந்தேன் அந்தப் பேச்சில்.
ஷைனி அதன்பிறகு நன்றாகத்தான் சிரித்தாள்.

வண்ணார்பேட்டையில் பச்சை விழுந்து
பின்னால் ஹாரன்மேல் ஹாரன்.
"அப்பாவுக்கு வெப்ராளம்" என்றான் ஜெப்ரின்,
புதுச் சொல்லை வீணாக்காமல்.

ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரி.
மறந்துபோன டிபன் பாக்ஸை வாங்க
யூனிஃபார்மோடு இறங்கி வந்தாள்.
படம் எப்படி?
நல்ல கட்டத்துல ஒண்ணுக்குப் போயிட்டோம் என்றேன்.
சிரித்தாள்.
அக்சா கதையை ஆரம்பித்துவிட்டாள்,
முதலிலிருந்து,
அணில்பிள்ளையின் ஸ்கூல் பை என்ன கலர் என்பதிலிருந்து.
ஷைனி கைக்கடிகாரத்தைப் பார்த்தாள்.
அதைக் கழற்றி என் சட்டைப்பையில் போட்டாள்.
படியில் உட்கார்ந்து மகளை இழுத்து
முட்டிக்கு நடுவே நிறுத்திக்கொண்டாள்.

கதை இன்னும் மழைக்கு வரவில்லை.