ஒரு மில்லிமீட்டர்

ஊரின் பெயர் துகும்.
எங்கள் கேம்ப்பில் யார் நாவிலும் அது நிற்காது,
துக்கம் என்போம்.
எங்கே வேலை? துக்கத்தில்.
ஒரு சுழி கூடினால் தூக்கம்.
அந்தச் சுழியும் என்னிடம் இருந்தது:
இடது இமை.

தொழுகை நேரத்துக் கடையின்
பாதி இழுத்துவிட்ட ஷட்டர் மாதிரி
கருமணிமேல் இறங்கி நின்றது.
கண்ணை இமை காப்பதுபோல் என்பார்கள்.
காவல் காக்கிறேன் பேர்வழி என்று
கதவையே சாத்திக்கொண்டால்?

கிரேன்காரனுக்கு எல்லாம் மேலேதான்,
கொக்கி, வடம், இரும்புக் கையின் நுனி.
பார்ப்பதற்கு மோவாயைத் தூக்கினேன்.
தூக்கிப் பழகி
கேண்டீனிலும் அப்படியே நடந்தேன்.
சூசைக்குத் தலைக்கனம் என்றார்கள்.
ஃபோர்மேன் குல்சார் மட்டும்
தூங்குகிறாயா என்று கேபின் கதவைத் தட்டுவான்.
ஆறு வருஷம்
ஒரே முகத்தில் கர்வக்காரனையும் தூங்குமூஞ்சியையும்
சேர்த்துச் சுமந்தேன்.

இன்சூரன்ஸ் பதில் எழுதியது:
அழகுக்கான சிகிச்சை, அனுமதி இல்லை.
கடிதத்தோடு போய்க் குளியலறைக் கண்ணாடியில்
அந்த அழகைப் பார்த்தேன்.
பின்னால் நாலு பேர் பல் துலக்கிக்கொண்டிருந்தார்கள்.

மஸ்கட்டில் ஒரு வெள்ளைக் கிண்ணத்துக்குள்
முகத்தை வைக்கச் சொன்னார்கள்.
புள்ளி மின்னினால் பொத்தானை அழுத்து.
மின்னவேயில்லை, சும்மா இருந்தேன்.
இமையை டேப் போட்டு நெற்றியில் ஒட்டி
மறுபடி வை என்றார்கள்.
அடேயப்பா,
மேலே இத்தனை நட்சத்திரமா?
முதல் தாளின் மேல்பாதி தார் ஊற்றியதுபோல் இருந்தது.
அந்தக் கறுப்பைப் பார்த்துத்தான்
இன்சூரன்ஸ்காரனுக்குக் கண் திறந்தது.

இரண்டாம் பயணம், மறுபடி விடியுமுன் பேருந்து.
ஐந்நூறு சொச்சம் கிலோமீட்டர்,
சினாவ் வரும்வரை மணலும் ஒட்டகப் பலகையும்.
பக்கத்தில் ஒரு சில்ஹெட்காரன்,
மடியில் பழுதான மிக்ஸி, ரூவிக்குக் கொண்டுபோகிறானாம்.
நீ எதற்கு என்றான்.
ரிப்பேருக்குத்தான் என்றேன்.

மரத்துப்போனது இமை மட்டும்.
நூல் இழுபடும் ஓசை
மண்டைக்குள் கேட்டது.
பாதியில் டாக்டர் ஷம்சா
எழுந்து உட்காரச் சொன்னார், ஒப்பிட்டுப் பார்க்க.
நேரே நோக்கு என்றாள் மலையாள நர்ஸ்.
நாங்கள் செய்யுளுக்குள் பூட்டிவைத்த சொல்லை
கையுறையோடு எடுத்து நீட்டுகிறாள்.
நோக்கினேன்.
எதிர்ச்சுவரில் கடிகாரம்.
மோவாயை அசைக்காமல், ரத்தக் கலங்கலுக்கு நடுவில்
பன்னிரண்டு தெரிந்தது.
டாக்டர் ஸ்கேலை வைத்து அளந்து
ஒரு மில்லிமீட்டர் கூடிவிட்டது என்று
நூலைத் தளர்த்தினார்.
இருக்கட்டுமே என்று சொல்ல வந்தேன்.

திரும்பி வந்தால்
தலை தானாகக் கீழே இறங்கிவிட்டது.
தூக்க அவசியமில்லை, அவ்வளவுதான்.
கேண்டீனில் சூசைக்கு என்ன கவலை என்கிறார்கள்.

தையல் பிரித்தும் கண் முழுக்க மூடவில்லை.
ஆறு வாரம் ஆகுமாம், அதுவரை களிம்பு.
இமையாதவர் என்பதால் தேவர்களுக்கு
இமையவர் என்று பெயர்.
பாவம், இரவில் அவர்களுக்குக் களிம்பு போடுவது யார்?

ஒரு கீற்றளவு திறந்தே கிடக்கிறது அறை.
இரண்டு மணிக்கு எதிர்க்கட்டிலில்
தில் பகதூர் எழுந்து உட்காருகிறான்.
அணைந்த போனைக் காதில் வைத்து
ஒலியில்லாமல் உதட்டை அசைக்கிறான்.
தலையாட்டுகிறான். நிறுத்துகிறான். சிரிக்கிறான்.
சரியில்லை போலும்,
அந்தச் சிரிப்பை அழித்துவிட்டு
இன்னொரு முறை சிரிக்கிறான்.
வெள்ளிக்கிழமை வீட்டுக்குப் பேசும்போது
வராந்தாவே அதிரச் சிரிப்பானே, அது.

மூட முடியவில்லை.
சுவர்ப்பக்கம் புரண்டு படுத்து
குறட்டை விட்டேன்,
நான் தூங்குகிறேன் என்று அவன் நம்பும் அளவுக்கு.