இரண்டு பார் ஐஸ்

ஆப்பில் பச்சையாகத்தான் காட்டியது.
ஏர்வாடி விலக்கு தாண்டி, பங்க்கின் ஓரத்தில்
ஆளுயரப் பெட்டி, தொங்கும் கருப்பு வயர்.
மூடியைத் திறந்தால்
ஊசிகளில் பச்சைக் களிம்பு.
எனக்கு முன்பே உப்பு வந்து
சார்ஜ் ஏற்றிக்கொண்டு போயிருந்தது.

"திறந்த அன்னைக்கு எரிஞ்சது சார்,
போட்டோ எடுத்தாங்க"
என்றான் டீசல் போடும் பையன்.
திரையில் ஒரு வட்டம்
சுற்றிக்கொண்டே இருந்தது.

கையில் ஒன்பது சதவீதம்.

நான் தராசு பழுது பார்க்கிறவன்.
தொண்டியிலிருந்து வாலிநோக்கம் வரை
நண்டு எடுக்கிற கொட்டகைகளில்
ஐந்து கிலோ படிக்கல்லை ஏற்றி
எண் மெய்யா பொய்யா என்று சொல்கிறவன்.
இந்த ஒன்பதுக்கு எதிரே வைக்க
என்னிடம் கல் இல்லை.

ஏசியை அணைத்தேன். கண்ணாடியை ஏற்றினேன்.
நேர் எதிரே கச்சான்.
காற்று ஒரு பாட்டம் சாப்பிடும் என்று
ஷோரூமில் யாரும் சொல்லவில்லை.
ஒன்பது எட்டாக ஒரு பனங்காடு.
எட்டு ஆறாக ஒரு சின்னப் பாலம்.
ஏழை நான் பார்க்கவே இல்லை.
சாலைக்கு மேலே கம்பிகள்
கமுதிப் பக்கத்து வெயிலை மடித்து
எந்த ஊருக்கோ கொண்டுபோயின.

வாலிநோக்கம். இரவு பதினொன்று.
வெளிச்சம் இருந்த ஒரே கட்டடம் ஐஸ் கம்பெனி.
சீனி உதுமான் காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.
பார் இழுக்கும் கையால்
பிளக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
"ராத்திரி வோல்டேஜ் தாங்காது.
ஒரு மோட்டரை நிறுத்தினாத்தான் உனக்கு வரும்.
எவ்வளவு குடிக்கும்?"
மணிக்கு மூணு யூனிட், ரெண்டரை மணி நேரம்.
உதட்டுக்குள் கணக்கு ஓடியது.
"அப்ப ரெண்டு பார் ஐஸ்."

கரண்ட் விற்க அவருக்கு உரிமை இல்லையாம்,
ஐஸ் விற்க இருக்கிறது.
ரசீது எழுதிக் கிழித்துக் கொடுத்தார்:
பார் 2.

மூன்று மணிக்கு வள்ளம் வரும் என்று
பெட்டிகளோடு வந்துவிட்டாள் செய்யதம்மாள்.
ஓடாத மோட்டரைப் பார்த்தாள்.
வயர் போன வழியே நடந்து
என் கார்வரை வந்து நின்றாள்.
"என் நண்டுக்கு வெச்ச குளிரையா
இது உறிஞ்சுது?"
நான் பேசவில்லை.
போன மாதம் அவள் தராசு
கிலோவுக்கு நாற்பது கிராம் விழுங்கியதைத்
திருத்திக் கொடுத்துவிட்டு
அப்போதும் பேசாதிருந்தவன்.
அவளும் மேற்கொண்டு கேட்காமல்
பெட்டியைக் கவிழ்த்து உட்கார்ந்தாள்.

சந்தியாகுதான் குனிந்து சக்கரத்தைத் தட்டினார்.
"லிட்டருக்கு எவ்வளவு ஓடும்?"
லிட்டர் கிடையாது அண்ணே.
வீட்டில் சார்ஜ் போட்டால்
கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய்.
"வீட்டை விட்டுக் கிளம்பினா?"

கொசு கடித்தது. சொறிந்துகொண்டேன்.

"கரைக்குத் திரும்புற அளவை ஒதுக்கிட்டுத்தான்
நாங்க மிச்சத்துல தொழில் பாப்போம்.
காத்து எதிரயா?"
கச்சான்.
"அட, அத மொதல்ல சொல்ல மாட்டியா"
என்று பக்கத்தில் உட்கார்ந்து
பீடி ஒன்றை நீட்டினார்.
பழக்கமில்லை. வாங்கிக்கொண்டேன்.

ஒன்றரை மணிக்கு முப்பத்தாறு.
உதுமான் பிளக்கைப் பிடுங்கி
வேட்டி முனையால் துடைத்துக் கொடுத்தார்.
மோட்டர் இருமி இருமி எழுந்தது.
செய்யதம்மாள் திரும்பிப் பார்க்கவில்லை.

திரும்பும்போது கச்சான் முதுகில்.
பனங்காடு வந்தது, போனது,
ஒரு எண்ணும் குறையவில்லை.
ஏர்வாடி விலக்கில் பங்க் மூடியிருந்தது.
இருட்டில் அந்தப் பெட்டி மட்டும்.
வட்டம் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது.
அதற்கு மட்டும்
கரண்ட் வந்துகொண்டுதான் இருந்தது.