இரண்டு விரற்கடை

இரவு இரண்டே முக்காலுக்கு இயந்திரம் கத்தியது.
குருதிப் போத்தலுக்குள் யாரோ மூச்சு விடுகிறார்கள்.
ஜெசிந்தா, வயது முப்பத்தொன்று, வார்ட் பதினாறு.
நேற்று மதியம் இதே பெயரில்
ஒரு சலப் போத்தலும் வந்திருந்தது,
மீன் கழுவிய தண்ணீர்போலக் கலங்கி.

கண்ணாடித் துண்டில் ஒரு துளி தேய்த்து
ஊதா ஊற்றி, கழுவி, சிவப்பு ஊற்றி
கண்ணை வைத்தேன்.
இளஞ்சிவப்பில் குட்டிக் குட்டிக் கோல்கள்.
உன்னை எனக்குத் தெரியும்.

அவள் பிறந்த இரண்டாம் நாளே
குடலுக்குள் குடிவந்தாய்.
அவள் தின்ற புட்டிலும் கூனிச் சம்பலிலும்
உனக்கொரு பங்கு இருந்தது.
வாடகைக்கு ஒரு வைற்றமின் செய்து கொடுத்தாய்.
சைக்கிளால் விழுந்த முழங்காலில்
இரத்தம் உறைந்ததற்கு உன் கையும் உண்டு.
முப்பத்தொரு வருடம், ஒரு சண்டையில்லை.

பிறகு இரண்டு விரற்கடை தூரம் நகர்ந்தாய்,
பின்வாசலிலிருந்து முன்வாசலுக்கு.
அவ்வளவுதான்.

(‘இடம்பெயர்வு’ என்றொரு சொல் இந்த இடத்தில் வந்தது.
வெட்டிவிட்டேன்.
இந்த ஊரில் அந்தச் சொல்லுக்கு வேறு ஆட்கள் இருக்கிறார்கள்.
உன்னை யாரும் துரத்தவில்லை.
வழி திறந்திருந்தது, போனாய்.)

மாதிரி வாங்கும் யன்னலடியில் தங்கைக்காரி சொன்னாள்:
“புடவைக்கடையில நிக்கிறவ, மிஸ்.
கக்கூஸ் திறப்பு முதலாளியின்ர லாச்சிக்குள்ள.
கேட்டால் மணிக்கூட்டைப் பாப்பாராம்.
அதால பகலில தண்ணியே குடிக்கமாட்டா.
எரியுதெண்டு பார்மசியில ஆறு குளிசை வாங்கினவ,
மூண்டைப் போட்டிட்டு விட்டிட்டா.”

ஒன்பது மணியிலிருந்து எட்டு மணிவரை
நின்ற நீர்.
ஓடியிருந்தால் உன்னைக் கழுவிக்கொண்டு போயிருக்கும்.
இருபது நிமிடத்துக்கொருமுறை இரண்டானாய்,
மயிரிலும் மெல்லிய கைகளால் சுவரைப் பற்றினாய்,
குழாய் வழியே மேலே மேலே,
சிறுநீரகத்தில் போய் முதுகுவலியானாய்.
அங்கே வடிகட்டும் துணி மெல்லியது.
அதற்கப்பால் இரத்தம்.
இரத்தத்துக்கு எல்லா வீட்டுக்கும் வழி தெரியும்.

ஞாயிறு பூசையில், சித்திரை வெயிலில்,
பல்லுக் கிட்டி நடுங்கினாளாம்.
வாங்கு சேர்ந்து நடுங்கியதாம்.

அடுத்த காலை இரண்டு தட்டுகளையும் பக்கத்தில் வைத்தேன்,
ஒன்று சலத்திலிருந்து, ஒன்று இரத்தத்திலிருந்து.
மருந்து வட்டுகளைச் சுற்றி
ஒரே வெளிகள், ஒரே மறுப்புகள். நீயேதான்.
இரண்டு வட்டுகளுக்கிடையில் மட்டும்
வெளி வீங்கி ஓர் உருவம் எடுத்திருந்தது:
திறப்பு நுழையும் ஓட்டை.
பாடப்புத்தகமும் அதை அப்படித்தான் சொல்லும்.
சாதாரண மருந்துகளை உடைக்கப் பழகிவிட்டாய் என்று அர்த்தம்.
நான் லாச்சியை நினைத்தேன்.

வார்ட்டுக்கு ஃபோன் எடுத்தேன்.
விலைகூடிய மருந்து, ஸ்டோரில் பதினொரு குப்பி
இருக்கிறது என்றார்கள்.

அதன்பிறகு வந்த போத்தல் ஐந்து நாளும் கத்தவில்லை.
‘வளர்ச்சி இல்லை’ என்று அடித்தேன்.
எங்கள் அறையில் அதைவிட நல்ல வசனம் கிடையாது.

சம்பளத்தன்று அந்தக் கடைக்குப் போனேன்.
லைனிங் துணி, நீலம், அரை மீற்றர்.
காசைக் கொடுத்துவிட்டு திறப்பைக் கேட்டேன்.
“கஸ்டமருக்கெண்டால் தருவம்தானே” என்று
முதலாளி லாச்சியை இழுத்தார்.
திறப்பில் ஒரு பெரிய பலகைத் துண்டு கட்டியிருந்தது.
துணி வெட்டிய பிள்ளையிடம் அதை நீட்டினேன்.
அவள் அவரைப் பார்த்தாள்.
மணிக்கூட்டைப் பார்த்தாள்.
வாங்கினாள்.

அவள் திரும்பி வரும்வரை
வேண்டாத சேலைகளை ஒவ்வொன்றாக
விரிக்கச் சொல்லிக்கொண்டு நின்றேன்.